கொடிமுந்திரி வகைகளும் அவற்றைத் தேடிய பயணங்களும்

1. முன்னுரை

தமிழில் 'முந்திரி' என்னும் சொல் இன்று இருவேறு பொருள்களைச் சுட்டி நிற்கின்றது. தமிழ்நாட்டார் அச்சொல்லால் மரத்திற் காய்க்கும் பருப்பினைக் குறிப்பர். யாழ்ப்பாணத்தாரோ 'முந்திரிகை' எனின் கொடியிற் குலைகுலையாகக் காய்க்கும் பழத்தையே கொள்வர். பருப்புத் தருவதனை 'மரமுந்திரிகை' எனப் பிரித்துரைப்பர். மலையாளத்தில் இன்றும் முந்திரி என்பது கொடியின் பழமே. பிரேசில் நாட்டு மரம் 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசியர் வழியாக இந்நாட்டுக் கரைகளை அடைந்தது. கொடிக்கு உரிய பெயரைத் தமிழ்நாட்டில் அம்மரம் பெற்றுக்கொள்ளவே, கொடியின் பழம் வடசொற்சிதைவாகிய 'திராட்சை' என்னும் பெயரால் வழங்கலாயிற்று. இவ்வரலாறு அறியாதான் ஒருவன் பழைய ஏட்டில் முந்திரி என்னும் பெயரைக் கண்டவிடத்து மரத்தை நினைப்பானாயின், அவன் கொள்ளும் பொருள் முற்றிலும் பிழைபட்டுப்போம்.

பெயர் ஒன்றாக இருப்பப் பொருள் வேறாதலும், பொருள் ஒன்றாக இருப்பப் பெயர் பலவாதலும் கொடிமுந்திரியின் உள்வகைகளிடையே மிகப் பெரும் அளவில் நிகழ்ந்துள்ளன. அவ்வகைகளையும், அவற்றினின்று வடிக்கப்பெறும் தேறல்களுட் பலரறியாதவற்றையும் நாடிச் சென்றோர் பலர். அவருள் வணிகர் உளர். அரசாணை பெற்றோர் உளர். செடிநூல் வல்லார் உளர். அவர்தம் பயணங்களுட் சிலவற்றை இக்கட்டுரையில் முறைப்பட ஆராய முற்படுகின்றோம். அழிந்தது எனக் கருதப்பட்ட வகைகளுட் பல உண்மையில் அழியாமல், வேறொரு நாட்டில் வேறொரு பெயரின் கீழ் மறைந்து கிடந்தன என்பதும், இரண்டு இடங்களையும் கண்ட பயணியே அம்மறைவை நீக்க வல்லவனாயினான் என்பதும் ஈண்டு நிறுவப்படும். கொடிமுந்திரித் தேறலை இனித் தேறல் என்றே குறிப்போம்.

2. ஊர்ப்பெயரும் கொடிப்பெயரும்

யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த மணங்கமழ் தேறலைப் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் பருகியமை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டால் அறியப்படும். அத்தகைய கலங்களின் உடைந்த பகுதிகள் அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விற் கிடைத்தன. அவற்றைப் பின்னர் ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் என்னும் அம்மையார், ஈஜியன் கடலிலுள்ள கோஸ் தீவின் சாடிகளை அவற்றிடையே இனங்கண்டார். கோஸ் தீவின் தேறல் கடல்நீர் கலந்து செய்யப்படுவது. நெடுந்தூரக் கடற்செலவைத் தாங்கவல்லது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகனால் எழுதப்பெற்ற 'எரித்திரியக் கடற் பெரிப்ளுஸ்' என்னும் நூல் இவ்வாணிகத்தை விளக்கும். பாரிகாசா எனப்பட்ட பரோச்சுத் துறைமுகத்தில் இத்தாலியத் தேறல் பெரிதும் விரும்பப்பட்டது என்றும், சிரியாவிலுள்ள லவோதிகேயாவின் தேறலும் அரபுநாட்டுத் தேறலும் அங்கு இறங்கின என்றும் அந்நூல் உரைக்கும். முசிறிக்கும் நெல்கிந்தாவுக்கும் தேறல் வந்தது. எனினும் மிகுதியாக வந்திலது என்பது அந்நூலாற் போதரும்.

இப்பெயர்கள் யாவும் ஊர்ப்பெயர்களாதல் காண்க. வணிகன் தேறலைப் பெரும்பாலும் அது பிறந்த ஊரின் பெயராலேயே விலைகூறினான். அஃது எவ்வகைக் கொடியின் பழத்தினின்று வடிந்தது என்பதை வாங்குவோன் கேட்டிலன். கொடியின் பெயர் உழவனுக்கு உரியது; ஊரின் பெயர் வணிகனுக்கு உரியது. கடல் கடந்து வந்தது பின்னையதே.

உழவர் நாவில் வழங்கிய கொடிப்பெயர்களைத் தொகுக்க உரோமர் முயன்றனர். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் உயிர்நீத்த மூத்த பிளினி, தம் 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலின் 14ஆம் பகுதியைக் கொடிமுந்திரிக்கும் தேறலுக்கும் ஒதுக்கினார். கொடிவகைகளை எண்ணி முடித்தல் கூடும் எனக் கருதியவர் டெமாக்ரிட்டஸ் ஒருவரே என்றும், ஏனையோர் அவை எண்ணிறந்தன என்றே கூறினர் என்றும் அவர் குறித்துள்ளார். அவர் காலத்தவரும் ஸ்பெயின் நாட்டுக் காதிஸ் நகரிற் பிறந்தவருமாகிய கொலுமெல்லா இதற்குரிய காரணத்தை இன்னும் தெளிவாகக் கண்டார். ஒவ்வொரு நாடும், நாட்டின் ஒவ்வொரு பகுதியும் தத்தம் வழக்கிற்கேற்பக் கொடிகளுக்குப் பெயரிடுகின்றன. இடம் பெயர்ந்த கொடிகள் சில தம் பெயரையும் மாற்றிக்கொண்டன. வேறு சில தம் பண்பு திரிந்து இன்னவை என அறியப்படாதனவாயின என்பது அவர் கருத்து. 1900 ஆண்டுகளுக்கு முன் கூறப்பட்ட இக்கருத்தே பின்வந்த தேடல்கள் அனைத்திற்கும் அடிப்படையாக நிற்கின்றது.

3. போத்தும் படியும்

இக்குழப்பம் ஏன் கொடிமுந்திரியில் இத்துணை மிகுந்தது என்பதை அறிய, அது பெருகும் முறையை நோக்குதல் வேண்டும். கொடிமுந்திரியின் விதையை ஊன்றினால் தாயையொத்த கொடி முளைப்பதில்லை. பண்பு வேறுபட்ட புதியதொரு கொடியே தோன்றும். ஆதலின் விரும்பிய வகையைக் காக்க எண்ணுவோன் கொடியின் தண்டினை வெட்டிப் போத்தாக நடுகின்றான். அன்றிக் கொடியை வளைத்து மண்ணுட் பதியன் போடுகின்றான். அன்றி வேறொரு வேரில் ஒட்டுக் கட்டுகின்றான். எனவே ஒரு வகையைச் சார்ந்த கோடிக்கணக்கான கொடிகள் யாவும் என்றோ விதையினின்று முளைத்த ஒரே கொடியின் தொடர்ச்சிகளேயாம்.

இந்நிலை ஏடு பெயர்த்தெழுதும் முறையோடு ஒப்புநோக்கத் தக்கது. படியெடுப்போன் கையிற் பாடவேறுபாடு புகுவதுபோல, தலைமுறைதோறும் கொடியிலும் சிறுசிறு திரிபுகள் தோன்றுகின்றன. கறுப்புப் பழம் தரும் பினோ நுவார், செந்நரைப் பழம் தரும் பினோ கிரி, வெண்பழம் தரும் பினோ பிளான் ஆகிய மூன்றும் ஒரே வகையின் திரிபுகள். படிகள் யாவும் அழிந்தபின் ஒரு நூலை மீண்டும் பெறுதல் இயலாததுபோல, இறுதிக் கொடி பட்டுப்போன பின் ஒரு வகையை எவ்வாற்றானும் மீட்டல் இயலாது. அதன் விதை எஞ்சியிருப்பினும் அதனாற் பயனில்லை. ஏட்டின் முதற்பக்கம் சிதைந்தால் நூற்பெயர் தெரியாது போவதுபோலப் போத்திற் கட்டிய பெயர்ச்சீட்டு அறுந்தால் வகையின் பெயரும் மறையும். அந்நிலையில் நடுவோன் தனக்குத் தோன்றிய பெயரையே இடுவான்.

4. போத்துத் திரட்டிய பயணிகள்

தேறல்களை ஊர்தோறும் சென்று அறிந்து நூலாக்கியவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் பாரிஸ் நகரத்துத் தேறல் வணிகர் ஆந்திரே ஜூலியன். புகழ்பெற்ற சில ஊர்களோடு அமையாது, அறியப்பட்ட தோட்டங்கள் அனைத்தையும் நிலப்பகுதி வாரியாக வகுத்துரைத்த அவரது நூல் 1816ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆயினும் ஜூலியன் நாடியது தேறல், கொடியன்று.

கொடியையே நாடிச் சென்றவர் ஜேம்ஸ் பஸ்பி. ஸ்காட்லாந்தினராகிய இவர் 1824இல் ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். 1831ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினிலும் பிரான்சிலும் தோட்டந்தோறும் சென்று, மண்ணின் தன்மையையும் கொடி நறுக்கும் முறையையும் வினவி நாட்குறிப்பாக எழுதினார். அது 1833இல் அச்சாயிற்று. மாண்ட்பெல்லியே நகரத்துச் செடித் தோட்டத்தினின்று நானூற்றுக்கும் மேற்பட்ட வகைகளின் போத்துகளைப் பெற்றார். பாரிஸ் நகரத்து லக்சம்பூர்க் தோட்டமும் அவருக்கு உதவிற்று. அப்போத்துகள் நெடுங்கடல் கடந்து சிட்னி நகரை அடைந்தன. முந்நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் அங்குத் துளிர்த்தன. பஸ்பி பின்னர் நியூசிலாந்தில் ஆங்கில அரசின் பிரதிநிதியாக அமர்ந்து, வைத்தாங்கி என்னுமிடத்தும் கொடி நட்டார்.

அவர் திரட்டிய தொகுதி சிட்னித் தோட்டத்தில் நிலைபெறவில்லை. அதன் வழித்தோன்றல்கள் அண்டைப் பகுதிகளிற் பரவினவாயினும் பெயர்கள் அவற்றோடு ஒழுங்காகப் பரவவில்லை. 1976இல் பிரான்சினின்று சென்ற பால் துருயேல் என்னும் வகையறிஞர் ஆஸ்திரேலியத் தோட்டங்களிற் பல பெயர்ப்பிழைகளைச் சுட்டிக் காட்டினார். 'கிளேர் ரீஸ்லிங்' என்னும் பெயரால் வழங்கியது ரீஸ்லிங் அன்று, குரூஷென் என்னும் பிரெஞ்சு வகை எனத் துணிந்தவர் அவரே.

கலிபோர்னியாவில் ஹங்கேரியராகிய அகோஸ்டன் ஹராஸ்தி இத்தகைய பணியை மேற்கொண்டார். அம்மாநிலச் சட்டமன்றத்தின் ஆணை பெற்று 1861இல் ஐரோப்பா சென்ற அவர், முந்நூறு வகைகளைச் சார்ந்த ஏறத்தாழ 1,00,000 கொடிகளைக் கொணர்ந்தார். சட்டமன்றம் அவருக்குப் பொருள் வழங்க மறுத்துவிட்டது. கொடிகள் சிதறின, பெயர்கள் கலந்தன. அவர் 1869இல் நிகராகுவா நாட்டில் மறைந்தார். கலிபோர்னியாவின் தனிச்சிறப்பாகக் கருதப்பட்ட ஜின்பாண்டல் வகையை அவரே முதன்முதற் கொணர்ந்தார் என அவர்தம் மைந்தர் ஆர்பாத் பின்னாளிற் கூறினார். அக்கூற்று நெடுங்காலம் வரலாறாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது பொருந்தாமையைச் சார்லஸ் சல்லிவன் என்னும் வரலாற்றாசிரியர் பழைய செடிவணிகர் பட்டியல்களையும் வேளாண் இதழ்களையும் கொண்டு மெய்ப்பித்தார். ஹராஸ்தி ஐரோப்பா செல்வதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1830களில், அவ்வகை பாஸ்டன் நகரப் பகுதியிற் கண்ணாடிக் குடில்களில் உண்பழமாக வளர்க்கப்பெற்றது. 1850களிற் கலிபோர்னியா அடைந்தது. பெருந்தொகுப்பாளர் ஒருவர் பெயரில் உரிமையற்ற செயலையும் ஏற்றிக்கூறும் வழக்கு இலக்கிய வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

5. ஃபிலாக்செராப் பேரழிவு

இவ்வாறு கடல் கடந்து பயணம் செய்தவை கொடிகள் மட்டுமல்ல. அமெரிக்காவிற் பிறந்த ஃபிலாக்செரா என்னும் நுண்ணிய வேர்ப்பூச்சியும் செடிகளோடு ஐரோப்பாவை அடைந்தது. 1863இல் அதன் அறிகுறிகள் இங்கிலாந்திலும் தென்பிரான்சிலும் காணப்பட்டன. பட்டுப்போகும் கொடிகளின் வேரில் அப்பூச்சியை 1868இல் மாண்ட்பெல்லியே அறிஞர் பிளான்ஷோனும் அவர்தம் தோழரும் கண்டறிந்தனர். அமெரிக்கக் காட்டுக்கொடிகளின் வேர் அப்பூச்சியைத் தாங்குவது. ஐரோப்பியக் கொடியின் வேர் தாங்காதது. ஆதலின் அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுதலே வழியாயிற்று.

பிளான்ஷோன் 1873இல் அமெரிக்கா சென்று அக்கொடிகளை ஆராய்ந்தார். ஆயின் சுண்ணாம்பு மிக்க நிலங்களில், சிறப்பாகக் கோனியாக் பகுதியில், முதலிற் கொணரப்பட்ட வேர்கள் பிழைக்கவில்லை. அத்தகைய நிலத்துக்கு ஏற்ற வேரைத் தேடிப் பியேர் வியாலா 1887இல் அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டார். டெக்சாஸ் மாநிலத்து டெனிசன் நகரில் வாழ்ந்த டி. வி. மன்சன், காட்டுக்கொடிகளைக் காடுதோறும் அலைந்து கற்றவர். அவர் துணையால் டெக்சாஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் பெர்லாந்தியேரி இனத்தின் சிறப்பை வியாலா அறிந்தார். எவரும் தேறல் வடிக்க விரும்பாத காட்டுக்கொடி ஒன்று, உலகப் புகழ்பெற்ற தோட்டங்கள் உயிர்பிழைக்கக் காரணமாயிற்று.

எனினும் இவ்வெற்றிக்கு விலை உண்டு. ஒட்டுக் கட்டி மீண்டும் நடுதல் பெருஞ்செலவினது. உழவன் மிக விளைவனவும் எளிதில் விற்பனவுமாகிய வகைகளையே தேர்ந்து நட்டான், ஏனையவற்றைக் கைவிட்டான். ஒரு சிற்றூருக்கோ ஒரு பள்ளத்தாக்குக்கோ மட்டும் உரியனவாயிருந்த வகைகள் பல இவ்வாறே மறைந்தன. எஞ்சியவற்றைப் பதிவு செய்யும் பொறுப்பை அதே வியாலா ஏற்றார். அவரும் வெர்மொரேலும் பதிப்பித்த ஏழு தொகுதிப் பெருநூல் 1901 முதல் 1910 வரை வெளிவந்தது. அதன் இறுதித் தொகுதியில் அகரநிரலில் தொகுக்கப்பெற்ற பெயர்கள் ஏறத்தாழ 24,000. பெயர்கள் இத்தனையாயினும் வகைகள் இத்தனையல்ல. ஒரே கொடி ஊர்தோறும் வெவ்வேறு பெயர் பூண்டிருந்தமையே இவ்வெண்ணிக்கைக்குக் காரணம். எப்பெயர் எப்பெயரோடு ஒன்றும் என்பதைத் துணிதலே 20ஆம் நூற்றாண்டின் வேலையாயிற்று.

6. ஒரு கோப்பைத் தேறல்

அவ்வேலை எங்ஙனம் நடந்தது என்பதற்கு ஜின்பாண்டலின் வரலாறு தக்க சான்றாகும். கலிபோர்னியாவிற் பெருவழக்காக நடப்பெற்ற இவ்வகைக்கு ஐரோப்பாவில் அப்பெயருடைய தாய்க்கொடி எதுவும் காணப்படவில்லை. ஆதலின் இது கலிபோர்னியாவுக்கே உரியது போலும் எனப் பலர் பேசிவந்தனர்.

1967ஆம் ஆண்டு ஆஸ்டின் கோஹீன் என்னும் அமெரிக்கச் செடிநோய் ஆய்வாளர் தென்னித்தாலியின் பாரி நகருக்குச் சென்றிருந்தார். அங்கு அவருக்கு அளிக்கப்பட்ட உள்ளூர்த் தேறல் ஜின்பாண்டலை நினைவூட்டிற்று. கோஹீன் சுவையோடு அமைந்துவிடவில்லை. அத்தேறலின் கொடியைக் காண விழைந்தார். பிரிமிட்டிவோ என்னும் பெயருடைய அக்கொடியின் இலையும் குலையும் ஜின்பாண்டலை ஒத்திருந்தன. போத்துகள் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அருகருகே நடப்பெற்று ஒப்பிடப்பட்டன. 1994இல் அப்பல்கலைக்கழகத்துக் கரோல் மெரடித் அம்மையாரின் ஆய்வுக்கூடம் மரபணுச் சோதனையால் இரண்டும் ஒன்றே எனத் துணிந்தது.

ஆயினும் பிரிமிட்டிவோவும் இத்தாலியில் தொன்மையுடையதன்று. அதன் வரலாறு 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முன் செல்லவில்லை. எனவே தாயகம் அட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையாகலாம் என்னும் ஐயம் எழுந்தது. குரோவேசியாவின் டால்மேஷியக் கரையில் வழங்கும் பிளாவாட்ஸ் மாலி என்னும் வகையே ஜின்பாண்டல் எனச் சிலர் உறுதியாக நம்பினர். 1998இல் மெரடித், சாக்ரெப் பல்கலைக்கழகத்து இவான் பேயிச், எடி மாலெட்டிச் ஆகியோரோடு அக்கரையிலும் தீவுகளிலும் பயணம் செய்து நூற்றுக்கும் மேற்பட்ட இலைமாதிரிகளைத் திரட்டினார். முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாயிற்று. பிளாவாட்ஸ் மாலி ஜின்பாண்டல் அன்று, அதன் பிள்ளை. மற்றொரு பெற்றோர் டோப்ரிச்சிச் என்னும் உள்ளூர் வகை. பிள்ளை அங்கே பிறந்ததாயின் பெற்றோரும் அங்கே வாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது உறுதியாயிற்று.

பேயிச்சும் மாலெட்டிச்சும் தேடலைக் கைவிட்டிலர். பூச்சியாலும் பூஞ்சணநோய்களாலும் பழைய தோட்டங்கள் அழிந்து, எஞ்சியவை பல வகைகள் கலந்து நின்ற சிறுதுண்டு நிலங்களாகவே இருந்தன. 2001ஆம் ஆண்டு ஸ்பிளிட் நகரை அடுத்த காஷ்டெல் நோவி என்னும் ஊரில், அத்தகைய கலப்புத் தோட்டம் ஒன்றில், சிர்ல்யெனாக் காஷ்டெலான்ஸ்கி என வழங்கிய கொடியின் மரபணு ஜின்பாண்டலோடு முற்றிலும் பொருந்திற்று. 'காஷ்டெலாவின் செங்கொடி' என்பது அப்பெயரின் பொருள். அத்தோட்டத்தில் அவ்வகைக் கொடிகள் ஒன்பதே கண்டறியப்பட்டன. கலிபோர்னியாவிற் பல்லாயிரம் ஏக்கரிற் பரந்து நிற்கும் ஒரு வகை, தன் தாயகக் கரையில் விரல்விட்டு எண்ணுமளவிற்குச் சுருங்கிவிட்டது. அவ்வொன்பது கொடிகளையும் உழவர் பிடுங்கி எறிந்திருப்பாராயின் இத்தொடர்பு நமக்குப் புலப்பட்டிருத்தல் அரிது.

இதனினும் தமிழறிஞர்க்கு இன்பம் பயப்பது அடுத்த படியாகும். டால்மேஷியாவின் 15ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் டிரிபிட்ராக் என்னும் தேறல் உயர்வாகப் பேசப்படுகின்றது. அப்பெயருடைய கொடி மறைந்துபோயிற்று எனக் கருதப்பட்டது. ஸ்பிளிட் நகர இயற்கைப் பொருட்காட்சியகத்தின் உலர்செடித் தொகுதியில் அப்பெயர் எழுதப்பட்ட பழைய இலை ஒன்று இருந்தது. அதன் மரபணுவும் ஜின்பாண்டலின் மரபணுவேயாதல் பின்னர்ப் புலனாயிற்று. பிரிமிட்டிவோ என்பது முந்திப் பழுப்பது என்னும் பொருளுடைய இலத்தீன் அடியாகப் பிறந்தது. டிரிபிட்ராக் என்பது அதே பொருளுடைய கிரேக்கத் தொடரினின்று பிறந்தது எனச் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். இருகரை மக்களும் ஒருவர் பெயரிட்டதை மற்றவர் அறியாமலே ஒரு கொடியின் ஒரே பண்பை நோக்கிப் பெயரிட்டுள்ளனர். மாண்டிநீக்ரோ நாட்டுக் கிராட்டோஷியாவும் இதுவேயாம்.

7. மெர்லோவின் நிழலில் கார்மெனேர்

பிரான்சின் போர்தோப் பகுதியில் ஒருகாலத்தில் மதிக்கப்பட்ட கார்மெனேர் என்னும் வகை, பூ உதிர்ந்து காய் பிடியாமற் போகும் குறையுடையது. பூச்சி அழிவிற்குப்பின் அதனை மீண்டும் நடுவார் இலராயினர். அதன் போத்துகளோ அழிவிற்கு முன்னரே, 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், தென்னமெரிக்காவின் சிலி நாட்டை அடைந்திருந்தன. அந்நாட்டிற்கு ஃபிலாக்செரா சென்றதில்லை. அங்கு மெர்லோ என்னும் வகையோடு கலந்து நடப்பெற்று, மெர்லோ என்னும் பெயராலேயே இது வழங்கிற்று. ஒரே நாளில் இரண்டையும் பறித்தமையால், மெர்லோ பழுத்திருப்பச் சில வாரம் பிந்திப் பழுக்கும் கார்மெனேர் காயாகவே நிற்கும். சிலி நாட்டு மெர்லோவிற் பச்சைமிளகாய்ச் சாயல் வீசியதற்கு அதுவே காரணம்.

மாண்ட்பெல்லியே நகரத்துப் பேராசிரியர் பியேர் காலேயின் மாணாக்கராகிய ழான் மிஷேல் பூர்சிக்கோ 1994 நவம்பர் 24ஆம் நாள், மாநாடு ஒன்றிற்காகச் சிலி சென்றவிடத்து, மைப்போ பள்ளத்தாக்கின் தோட்டம் ஒன்றைக் காணச் சென்றார். அந்நாட்டில் நவம்பர் கொடி பூக்கும் பருவம். மெர்லோ எனக் காட்டப்பட்ட கொடியின் பூவை நோக்கிய அவர், அதன் மகரந்தத் தாள்கள் முறுக்குண்டிருத்தலைக் கண்டு, இது மெர்லோ அன்று, கார்மெனேர் எனக் கூறினார். மெர்லோவின் இளந்தளிர் அடிப்புறம் வெண்மையானது. இதன் தளிரோ செந்நிறமுடையது. மரபணுச் சோதனையும் அவர் கூற்றை உறுதிப்படுத்திற்று. 1998இல் சிலி அரசு அதனைத் தனிவகையாக ஏற்றது. தனியே நிறுத்தித் தனியே பறிக்கத் தொடங்கியபின் இரண்டின் தேறலும் சிறந்தன. சீனநாட்டில் 'கபெர்னே கெர்னிஷ்ட்' என வழங்குவதும் கார்மெனேரே எனப் பின்னர் அறியப்பட்டது.

இவரே 2008இல் ஆஸ்திரேலியா சென்றபோது, ஸ்பெயின் நாட்டு அல்பரீனோ என்னும் பெயரில் அங்கு நடப்பெற்றிருந்தது அவ்வகையன்று என ஐயுற்றார். 2009இல் அது பிரான்சின் சவான்யே எனத் தெளிவாயிற்று. பல ஆண்டு உழைத்து ஒரு பெயருக்குச் சந்தை தேடிய உழவர் ஒரே நாளில் அப்பெயரை இழந்தனர். பெயர்த்திருத்தம் அறிஞர்க்கு மகிழ்ச்சி தருவதாயினும் தோட்டமுடையார்க்கு இழப்பாதலும் உண்டு என்பதை மறத்தல் ஆகாது.

இகழப்பட்ட வகைகளும் ஆராயத்தக்கன என்பதற்குக் குவே பிளான் சான்றாகும். இடைக்கால ஐரோப்பாவில் எளியோர்க்குரிய இழிந்த கொடியாக இது கருதப்பட்டது. இதனை நடலாகாது என விலக்கிய ஊர்களும் உண்டு. ஆயின் ஷார்டனே, காமே, அலிகோத்தே உள்ளிட்ட 16 வகைகள் பினோவிற்கும் குவேயிற்கும் பிறந்தவை என 1999இல் மெரடித், பூர்சிக்கோ முதலியோர் மெய்ப்பித்தனர். உலகெங்கும் விரும்பப்படும் ஷார்டனேயின் பெற்றோருள் ஒன்று, எவரும் விரும்பாதது எனத் தள்ளப்பட்ட கொடியாதல் காண்க. சுவிட்சர்லாந்தின் வாலே மலைப்பகுதியில் இன்றும் இதன் தேறல் சிற்றளவில் வடிக்கப்படுகின்றது.

8. காத்தலும் பருகுதலும்

அமெரிக்கத் தேறல்களுக்குக் கொடிப்பெயரையே இடுக என வணிகர் பிராங்க் ஸ்கூன்மேக்கர் 1930களின் இறுதி முதல் வலியுறுத்தினார். அதன்பின் பருகுவோரும் கொடிப்பெயரைக் கேட்கலாயினர். உழவனுக்கு மட்டும் உரியதாயிருந்த பெயர் இவ்வாறு சந்தைக்கு வந்தது. அதன் விளைவு இருதிறத்தது. பெயரை அறிந்தோர் அரிய வகைகளைத் தேடலாயினர் என்பது ஒன்று. அறிந்த சில பெயர்களையே யாவரும் கேட்டமையால் உழவர் அவற்றையே நட்டனர் என்பது மற்றொன்று. அனைத்துலகக் கொடிமுந்திரி மற்றும் தேறல் அமைப்பின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, அறியப்பட்ட வகைகள் ஏறத்தாழ 10,000 என்றும், உலகத் தோட்டப் பரப்பின் பாதியை 33 வகைகளே கொண்டுள்ளன என்றும் கூறுகின்றது. ஜான்சிஸ் ராபின்சன், ஜூலியா ஹார்டிங், ஹோசே வூயியாமோஸ் ஆகிய மூவர் 2012இல் வெளியிட்ட பெருநூல், விற்பனைக்குரிய தேறல் வடிக்கப் பயன்படும் வகைகளாக 1,368ஐ விளக்குகின்றது. ஏனையவை சில பழைய வேலியோரங்களிலும் காப்புத் தோட்டங்களிலும் மட்டுமே உயிர்வாழ்கின்றன.

தென்பிரான்சின் வாசால் காப்புத் தோட்டம் இவற்றுட் பெரியது. 1876இல் மாண்ட்பெல்லியேயிற் தொடங்கப்பெற்ற தொகுதி, 1949இற் கடற்கரை மணலுக்கு மாற்றப்பட்டது. மணலில் ஃபிலாக்செரா வாழாதாகலின் கொடிகள் அங்குத் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. ஆயினும் காப்புத் தோட்டத்தில் நிற்கும் கொடி பேழையுள் வைத்த ஏட்டினை ஒக்கும். அது அழிவதில்லை, ஆயின் பயிலப்படுவதும் இல்லை. பயில்வோர் உளராயின் அன்றோ நூல் வாழும்? ஸ்பெயினின் காட்டலோனியாவில் டோரஸ் குடும்பத்தார் 1980கள் முதல் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் விளம்பரம் இட்டு, பெயரறியாக் கொடி வைத்திருப்போர் தெரிவிக்குமாறு வேண்டினர். அவ்வாறு கிடைத்தவற்றுட் காரோ முதலிய சில இன்று தேறலாக வடிக்கப்பட்டு மீண்டும் வழக்கிற்கு வந்துள்ளன. காஷ்டெல் நோவியின் ஒன்பது கொடிகளும் பெருக்கி நடப்பெற்று டால்மேஷியத் தோட்டங்களிற் பரவி வருகின்றன.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். ஒன்று: பெயர் மட்டும் சான்றாகாது. மெர்லோ என்னும் பெயர் ஒரு நூற்றாண்டிற்கு மேலாகச் சிலி நாட்டாரை மயக்கிற்று. இரண்டு: பெயரை இகழ்தலும் ஆகாது. டிரிபிட்ராக் என்னும் பெயரை ஆவணமும் உலர்ந்த இலையும் காத்திராவிடின் ஒன்பது கொடிகளுக்கும் அவற்றின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு புலப்பட்டிராது. மூன்று: ஆய்வுக்கூடம் தன் முன் வைக்கப்பட்டதையே ஒப்பிட வல்லது, எதனை எதனோடு ஒப்பிடுதல் வேண்டும் என்னும் கேள்வியைக் கொணர்ந்தவர் பயணியே. கோஹீன் பாரி நகரில் உள்ளூர்த் தேறலை ஒதுக்கித் தாம் பழகிய தேறலையே கேட்டிருப்பாராயின் அக்கேள்வி அன்று எழுந்திராது.

பழந்தமிழ் நூல்களிற் பயிலும் செடிப்பெயர்களையும் உணவுப் பெயர்களையும் இன்றைய பொருள்களோடு பொருத்த முற்படும் ஆராய்ச்சி மாணாக்கர் இம்மூன்றினையும் உளங்கொள்ளுதல் நன்று. ஏட்டிலுள்ள பெயர், ஊரார் நாவிலுள்ள பெயர், நிலத்தில் நிற்கும் செடி ஆகியவற்றுள் ஒன்றைக்கொண்டு மற்றவற்றை முடிவு செய்தல் பிழைக்கு இடந்தரும். முந்திரி என்னும் ஒரு சொல்லே அதற்குப் போதிய சான்று. மறைந்தது எனத் துணிவதற்கு முன் அது வேறு பெயரோடு அண்டை ஊரில் வாழ்கின்றதா எனச் சென்று காணுதல் ஆராய்வோர் கடன். ஒன்பது கொடிகள் எஞ்சியிருந்த காலத்திற் சென்றமையாற் பயன் விளைந்தது. ஒன்றும் எஞ்சாத காலத்திற் செல்வதாற் பயனில்லை என்க.